சந்திரபாபு: 46 வயதில் அடங்கிய குரல்

கேமரன்மலையில் பிறந்தவர்களுக்கு யோடலிங் என்றால் என்ன என்று விளக்குவது மிக எளிது. எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் நாம் சாதாரணமாகப் பேசும் குரலில் கூப்பிடுவதில்லை. அடிவயிற்றிலிருந்து எழும் ஓசையைச் சட்டென்று உச்சிக்குத் தூக்கிவிடுகிறோம். பள்ளத்தைத் தாண்டி அது போய்ச் சேர்ந்துவிடும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்தவர்கள் செய்ததும் இதைத்தான். மார்பிலிருந்து வரும் தடித்த குரலுக்கும் தலையில் ஒலிக்கும் மெல்லிய குரலுக்கும் நடுவே எல்லோருக்கும் ஓர் உடைப்பு இருக்கிறது. பாடகர்கள் பல ஆண்டுகள் பயிற்சி செய்து அந்த உடைப்பு தெரியாமல் மறைப்பார்கள். யோடலிங் பாடுபவரோ அந்த உடைப்பையே திரும்பத் திரும்பத் தாண்டிக் காட்டி அதை இசையாக்கிவிடுவார்.

அமெரிக்காவில் ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற இரயில்வே தொழிலாளி 1927ஆம் ஆண்டில் யோடலிங் கலந்த பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தார். அவை உலகம் முழுவதும் பரவின. அதே 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தூத்துக்குடியில் ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ் என்ற குழந்தை பிறந்தது. தமிழ்த் திரையுலகில் யோடலிங்கைக் கொண்டுவந்து நிலைநாட்டிய அந்தக் குழந்தையைத்தான் நாம் ஜே.பி. சந்திரபாபு என்று அறிவோம்.

பல்கலைக்கழக விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் நண்பர்களில் சிலர் ராக் இசை இரசிகர்கள். 1994இல் 27 வயதில் மறைந்த கர்ட் கோபேன், 2011இல் அதே 27 வயதில் மதுவால் இறந்த ஏமி வைன்ஹவுஸ், 1970இல் போன ஜிம்மி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் ஆகியோரின் படம் போட்ட சட்டைகளை அணிவார்கள். பெரும்பாலும் அவர்கள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர்களுக்காக உண்மையாகவே வருந்துவார்கள். தமிழர்களுக்கு அப்படி யாராவது உண்டா என்று ஒரு நண்பர் கேட்டபோது நான் சொன்ன பெயர் சந்திரபாபு. அவர்களில் பலருக்கு அவரை ஒரு நகைச்சுவை நடிகராகத்தான் தெரிந்திருந்தது. பாடகராகத் தெரியவில்லை. எனவே, அவர் வாழ்க்கையை இங்கே வரிசையாகச் சொல்ல விரும்புகிறேன்.

கடற்கரையும் கொழும்பும்

தூத்துக்குடிக் கடற்கரையில் வாழும் பரதவர் சமூகத்தில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் சந்திரபாபு. 1530களில் போர்த்துகீசியர் காலத்தில் அக்கடற்கரை மக்கள் மதம் மாறியபோது போர்த்துகீசியப் பெயர்களும் வந்தன. ரோட்ரிக்ஸ் என்ற குடும்பப் பெயர் அப்படி வந்ததுதான். பனிமயதாஸ் என்ற பெயர் தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயத்தைக் குறிக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 5ஆம் தேதி அங்கே பெருவிழா. அந்த விழாக் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு மாதாவின் பெயரையே வைத்தார்கள். பாபு என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர். பரதவர்கள் தங்களைச் சந்திர குலத்தவர் என்று சொல்லிக்கொள்வதுண்டு. இரண்டையும் சேர்த்துப் பின்னாளில் அவர் சந்திரபாபு ஆனார்.

தந்தையார் இந்திய விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர், பத்திரிகை நடத்தியவர். ஆங்கிலேய அரசின் நெருக்குதலால் குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்தது. சிறுவன் பாபு கொழும்பில் வளர்ந்தான். அங்கே கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆங்கிலவழிக் கல்வி கற்றான். கொழும்பு அப்போது பெரிய துறைமுக நகரம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெருவில் ஒலிக்கும். போர்த்துகீசியர் விட்டுச்சென்ற பைலா இசை கல்யாண வீடுகளில் முழங்கும். ஆங்கிலப் படங்களும் மேல்நாட்டு இசைத்தட்டுகளும் கப்பலில் வந்து இறங்கும். நம்மில் பலரும் வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள். ஆகவே, பல மொழிகளுக்கு நடுவே வளரும் ஒரு பிள்ளையின் காது எப்படிப் பழகும் என்பது நமக்குத் தெரியும். சந்திரபாபுவின் காது அப்படிப் பழகியது.

1943இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறியது. படிப்பா, வேலையா என்று வீட்டார் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, பையனுக்குச் சினிமா ஒன்றுதான் குறி.

மூடிய கதவுகள்

1947இல் எழுத்தாளர் பி.எஸ். ராமையா இயக்கிய 'தன அமராவதி' படத்தில் அவருக்குச் சிறிய வேடம் கிடைத்தது. அதன் பிறகு கதவுகள் திறக்கவில்லை. ஸ்டுடியோ ஸ்டுடியோவாக நடந்தார். ஓரிடத்தில் இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் பாடிக் காட்டும் வாய்ப்பு வந்தது. அங்கே உதவியாளராக இருந்த இளைஞர் எம்.எஸ். விசுவநாதனுக்கு இந்தப் புதியவரின் பாட்டு பிடிக்கவே இல்லை. கர்நாடக இசைக்குப் பழகிய காதுக்கு அது பாட்டாகத் தோன்றாததில் வியப்பில்லை. அதே விசுவநாதன்தான் பின்னாளில் சந்திரபாபுவுக்கு மிகச் சிறந்த பாடல்களைத் தந்தவர். அவருடைய கடைசி நாள் வரை உடன் நின்ற நண்பரும் அவரே.

அந்தக் காலத்தில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ ஓர் அரண்மனை போன்றது. வாசனைப் பார்க்கப் பலமுறை முயன்றும் முடியாமல் மனமுடைந்த சந்திரபாபு, 1952இல் அந்த ஸ்டுடியோ வளாகத்திலேயே தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அங்கிருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். பிறகு காவல்துறை அவரைக் கைது செய்தது. தற்கொலை முயற்சி அப்போது சட்டப்படி குற்றம். நீதிமன்றத்தில் அவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டதாகவும், சுட்ட தழும்பு மற்றவர் கண்ணுக்குத் தெரியுமே தவிர வலி தமக்கு மட்டுமே தெரியும் என்ற பொருளில் நீதிபதியிடம் பேசியதாகவும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். நீதிபதி அவரை விடுவித்தார். அந்தச் செய்திக்குப் பிறகு வாசனே அவரை அழைத்துத் தம் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வேடம் கொடுத்தார்.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 25 வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞரின் மனத்தில் எவ்வளவு பெரிய காயம் இருந்தது என்பதை அன்றே எல்லோரும் பார்த்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஒரு பட வாய்ப்பு. அந்தக் காயத்துக்கு மருந்து யாரும் கொடுக்கவில்லை. நம் நாட்டிலும் பிரிட்டிஷார் விட்டுச்சென்ற 309ஆம் பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகவே பார்த்தது. 2023ஆம் ஆண்டில்தான் மலேசிய நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதாவது, சந்திரபாபு கைதாகி 71 ஆண்டுகள் கழித்து.

எட்டு ஆண்டுப் பொற்காலம்

1954ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் எல்விஸ் பிரஸ்லியின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதே ஆண்டில் தமிழில் ஏவி.எம்.மின் 'பெண்' படம் வந்தது. அதில் வீணை மேதை எஸ். பாலச்சந்தர் நடித்த பாத்திரத்துக்குப் பின்னணி பாடியவர் சந்திரபாபு. சங்கீதம் நன்றாகத் தெரிந்த ஒருவரின் வாயசைப்புக்கு, முறையாகச் சங்கீதம் கற்காத ஒருவர் குரல் கொடுத்தார். கல்யாண ஆசையைப் பற்றிய அந்த வேடிக்கைப் பாட்டில் குரல் கீழிருந்து மேலே தாவித் தாவி இறங்குவதைக் கேட்ட தமிழ் இரசிகர்களுக்கு அது முற்றிலும் புதிய அனுபவமாக இருந்திருக்கும். இந்தியில் கிஷோர் குமார் யோடலிங்கைப் பரப்பினார். தமிழில் அந்தப் பெருமை சந்திரபாபுவையே சேரும்.

அதன் பிறகு பாட்டுக்கு மேல் பாட்டு. 1957இல் வந்த 'புதையல்' படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, விசுவநாதன் - இராமமூர்த்தி இசையமைத்த துள்ளல் பாட்டைப் பாடினார். அதே ஆண்டு ஜி. ராமநாதன் இசையில் 'மணமகன் தேவை' வந்தது. 1959இல் 'மரகதம்' படத்தில் ஜமுனாராணியோடு அவர் பாடிய ஜோடிப் பாடலை இன்றும் மின்னல் எஃப்எம்மில் நேயர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். அதற்கு இசையமைத்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. வாய்ப்புத் தேடிய காலத்தில் சந்திரபாபு பாடிக் காட்டிய அதே சுப்பையா நாயுடுதான்.

நடிப்பிலும் அவர் தனி வழி போனார். கோட்டு, சூட்டு அணிந்து மேல்நாட்டு நடனம் ஆடுவார், விழுவார், எழுவார், உடம்பை இரப்பர்போல வளைப்பார். அடுத்த படத்திலேயே ரிக்‌ஷாக்காரராக வந்து சென்னைத் தெருப் பேச்சை அச்சு அசலாகப் பேசுவார். 1958இல் பி.ஆர். பந்துலு இயக்கிய 'சபாஷ் மீனா'வில் சிவாஜி கணேசனோடு அவர் இரட்டை வேடத்தில் நடித்தார். அந்தப் படம் 1962இல் இந்தியில் 'தில் தேரா தீவானா' என்று எடுக்கப்பட்டபோது சந்திரபாபுவின் வேடத்தை மெஹ்மூத் ஏற்றுப் பிலிம்பேர் விருது பெற்றார். மூலத்தை உருவாக்கியவர் எப்படிப்பட்ட கலைஞர் என்பதற்கு அதுவே சான்று. எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' படத்திலும் அதே ஆண்டு நடித்தார். 1959இல் 'சகோதரி' படத்தை விறுவிறுப்பாக்க ஏவி. மெய்யப்பன் அவருடைய நகைச்சுவைப் பகுதியைத் தனியாகச் சேர்த்தார்.

டாக்டர் இராதாகிருஷ்ணன் இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தபோது திரைக் கலைஞர்கள் குழுவோடு சந்திரபாபு டில்லிக்குச் சென்று அவர் முன்னிலையில் பாடினார். பாராட்டில் மகிழ்ந்துபோனவர் மரபையெல்லாம் மறந்து குடியரசுத் தலைவரின் மடியில் உட்கார்ந்துவிட்டார் என்பது பலரும் சொல்லி மகிழும் செய்தி. பெரியவர், சிறியவர் என்று பார்த்துப் பழக அவருக்குத் தெரியாது. மனத்தில் பட்டதை மறைக்கவும் தெரியாது. முன்னணி நடிகர்களைப் பற்றிப் பத்திரிகைப் பேட்டிகளில் வெளிப்படையாகக் குறை சொல்லி விரோதத்தைச் சம்பாதித்துக்கொண்டார்.

சரிவு

1958இல் நடந்த அவர் திருமணம் நிலைக்கவில்லை. அதில் இன்னொருவரின் வாழ்க்கையும் அடங்கியிருப்பதால் அதை இங்கே விவரிக்க நான் விரும்பவில்லை. அந்தப் பிரிவுக்குப் பிறகு அவர் குடிப்பது அதிகமானது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1960இல் கவிஞர் கண்ணதாசன் 'கவலை இல்லாத மனிதன்' படத்தைத் தயாரித்துச் சந்திரபாபுவை நாயகனாக்கினார். பிறப்பிலும் கண்ணீர், இறப்பிலும் கண்ணீர் என்ற கருத்தில் கண்ணதாசன் எழுதிய பாட்டைச் சந்திரபாபு பாடியதைக் கேட்டால், அவருக்கு நகைச்சுவைப் பாட்டு மட்டும்தான் வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதில் யோடலிங் இல்லை, தாவல் இல்லை, அமைதியான குரல் மட்டுமே. ஆனால், படப்பிடிப்புக்கு நாயகன் ஒழுங்காக வரவில்லை. தயாரிப்பாளர் காத்துக் கிடந்தார். படம் கண்ணதாசனுக்குப் பெரும் கடனைத் தந்தது. தம்முடைய வேதனையைக் கண்ணதாசன் பின்னாளில் எழுதியிருக்கிறார். சந்திரபாபுவை நேசிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. குடிப் பழக்கத்தின் விலையை முதலில் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் நண்பர்களும் வீட்டாரும்தான்.

பிறகு எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தை இயக்கத் தொடங்கினார். சில காட்சிகளோடு படம் நின்றுபோனது. கையிலிருந்த பணமெல்லாம் போயிற்று. சென்னைக் கேசவபெருமாள்புரத்தில் ஆசை ஆசையாகக் கட்டிய வீடும் கையைவிட்டுப் போனது. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தாமே இயக்கி நடித்தார். பைபிளிலிருந்து எடுத்த தலைப்பு அது. அந்தப் படமும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. அதற்குள் நாகேஷ் தமிழ்ச் சினிமாவின் முதல் நகைச்சுவை நடிகராகிவிட்டார். 'பறக்கும் பாவை', 'கண்ணன் என் காதலன்', 'அடிமைப் பெண்' ஆகிய எம்.ஜி.ஆர். படங்களில் சந்திரபாபுவுக்கு வேடங்கள் கிடைத்தன. பழைய துள்ளலை அவற்றில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

8.3.1974 அன்று சென்னையில் சந்திரபாபு காலமானார். வயது 46. கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் எம்.எஸ். விசுவநாதன். அவர் விருப்பப்படி உடல் சிறிது நேரம் விசுவநாதன் வீட்டில் வைக்கப்பட்டு, பின்னர் குவிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. முதல் சந்திப்பில் அவர் பாட்டைப் பாட்டென்றே ஏற்காத மனிதரின் வீட்டு வாசலிலிருந்து கடைசி ஊர்வலம் புறப்பட்டது.

அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்புதான், 29.5.1973 அன்று, நம் நாட்டின் மாபெரும் கலைஞர் பி. ரம்லி 44 வயதில் காலமாகியிருந்தார். அவரும் பாடகர், நடிகர், இயக்குநர், சிரிக்க வைத்தவர். 1960களின் இறுதியில் புதிய இசை அலை வந்ததும் அவரையும் இரசிகர்கள் ஒதுக்கினார்கள். மாரடைப்பால் இறந்த ரம்லியின் கதை வேறு. ஆனால், உயிரோடிருக்கும்போது கலைஞரைக் கைவிட்டு, இறந்த பிறகு தலையில் தூக்கி வைக்கும் வழக்கம் கடலுக்கு இரு கரையிலும் ஒன்றுதான். ரம்லிக்கு டான் ஸ்ரீ விருது 1990இல், அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து வந்தது.

லயத்து வீட்டில் கேட்ட குரல்

இந்தப் பாடல்கள் எனக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தக் காலத்தில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். பாட்டி அங்கேதான் 'சபாஷ் மீனா' பார்த்தார். குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் சிரித்த கதையை அடிக்கடி சொல்வார். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த என் பெரியப்பா மாரியம்மன் திருவிழா மேடையில் சந்திரபாபுபோல ஆடிப் பாடுவார். யோடலிங் அவருக்கு அப்படியே வரும். தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் தட்டுகளுக்கு நடுவே நின்று அவர் பாடினால் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்குமாம்.

பெரியப்பாவும் குடித்தார். தென்னை காய்க்காத எங்கள் குளிர் மலையில் கள்ளுக்குப் பதில் கடையில் விற்ற மலிவான சம்சு. நான் மூன்றாம் படிவம் படித்தபோது அவர் இறந்தார். அவருடைய குரல் எங்கள் யாரிடமும் பதிவாகவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் அவர் தள்ளாடி நடந்ததைப் பற்றித்தான் பேசினார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பெரியம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். குடித்து இறந்த ஒருவருக்காக அழுவதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது என்பதை நான் பின்னாளில்தான் புரிந்துகொண்டேன்.

தோட்ட வாழ்க்கையில் குடி தானாக முளைத்ததில்லை என்பதையும் நாம் அறிய வேண்டும். பிரிட்டிஷ் காலத்து இரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. பகலில் வாங்கிய கூலி மாலையில் அங்கே போனது. அதைத் தொழிலாளர்கள் எதிர்க்காமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். எழுதப் படிக்க அதிகம் வாய்ப்பில்லாத அந்த மக்கள் தங்கள் வீட்டுக் கேடு எது என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

சந்திரபாபுவின் சென்னையிலோ நிலைமை வேறு. அங்கே 1948 முதல் 1971 வரை மதுவிலக்கு நடப்பில் இருந்தது. அவர் புகழின் உச்சியில் இருந்ததும் சரிந்ததும் அந்தக் காலத்தில்தான். கடை திறந்திருந்த தோட்டத்தில் பெரியப்பா போன்றவர்கள் விழுந்தார்கள். கடை மூடியிருந்த நகரத்தில் சந்திரபாபு விழுந்தார். கடையை மூடுவது தேவைதான். ஆனால், ஏற்கெனவே அடிமைப்பட்ட ஒருவரை அது மட்டும் மீட்டுவிடாது.

நோய் என்று சொல்லாத காலம்

அமெரிக்க மருத்துவர் சங்கம் 1956இலேயே மது அடிமைத்தனத்தை ஒரு நோயாக ஏற்றுக்கொண்டது. குடியிலிருந்து மீண்டவர்களே கூடி ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935இல் அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. தொடர்ந்து குடிக்கும்போது மூளையே மாறிவிடுகிறது. மது இல்லாவிட்டால் கை நடுங்கும், தூக்கம் வராது, சிலருக்கு வலிப்புகூட வரும். அந்த வேதனையை அடக்க மறுபடியும் மது தேவைப்படும். அதனால்தான் நெடுநாள் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென்று நிறுத்துவதுகூட ஆபத்தாகலாம். மனவுறுதி வேண்டும், ஆனால், மனவுறுதி மட்டும் போதாது.

சந்திரபாபுவைச் சுற்றி இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. சென்னையில் குடிநோய்க்கென்றே டி.டி.கே. மருத்துவமனை என்ற சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது 1980இல். மதுப் பழக்கத்தால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி அதை உருவாக்கினார். தம் துக்கத்தைப் பிறருக்கு மருந்தாக மாற்றிய அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அந்தக் கதவு திறந்தபோது சந்திரபாபு இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டே, 1981 டிசம்பர் 26இல், மதுவால் உடல் கெட்டு நெடுநாள் மயக்கத்தில் கிடந்த நடிகையர் திலகம் சாவித்திரியும் மறைந்தார். 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தில் சந்திரபாபுவோடு நடித்தவர் அவர்.

இளைஞர்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெரிய கலைஞர்கள் குடித்ததால்தான் அப்படிப் பாடினார்கள், எழுதினார்கள் என்று நம்புகிறார்கள். சந்திரபாபுவின் வாழ்க்கையை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. நாம் இன்று கேட்டு மகிழும் பாடல்களில் பெரும்பாலானவை 1954க்கும் 1962க்கும் இடைப்பட்டவை. குடி முற்றிய பிறகு வந்த ஆண்டுகளில் பாட்டு குறைந்தது, படம் குறைந்தது, நண்பர்கள் குறைந்தார்கள். மது அவருக்குக் கொடுத்த பாட்டு ஒன்றுகூட இல்லை. அவர் 60 வயது வரை வாழ்ந்திருந்தால் 1987 வரை பாடியிருக்கலாம். இளையராஜா இசையில் சந்திரபாபு பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் சில இரவுகளில் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. நாம் இழந்தது அதைத்தான்.

அவருக்காக வருந்துவது என்றால் அவர் செய்ததையெல்லாம் நியாயப்படுத்துவது என்று பொருளில்லை. கண்ணதாசன் பட்ட நட்டம் உண்மை. அதே சமயம், குடித்தார், ஆகவே கெட்டார் என்று ஒரு வரியில் முடித்துவிடுவதும் நியாயமில்லை. அந்தக் குரலும் உண்மைதானே. இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

நண்பர்களே, நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. அந்தக் கணக்கில் எனக்கே இன்னும் வயதாகவில்லை. ஆனால், அடிமைப்பட்டவர் ஒருவரை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பார்க்க நமக்கு வயது ஒரு தடையாக இருந்ததில்லை. திருவிழா மேடையில் குடிகாரர்போல நடித்துச் சிரிக்க வைப்பது நமக்குச் சுலபமாக வருகிறது. அந்த ஆளிடம் அருகில் போய் உட்கார்ந்து பேசுவதுதான் வருவதில்லை. அரசாங்க மருத்துவமனைகளில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. எங்கள் மலையிலேயே தானா ராத்தாவில் மருத்துவமனை இருக்கிறது. அங்கிருக்கும் மருத்துவரிடம் கேட்டால் அடுத்து எங்கே போவது என்று வழி சொல்வார். படிவம் நிரப்பத் தெரிந்த, மலாய் பேசத் தெரிந்த பிள்ளைகள் நாம்தான். ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க நம்மால் முடியும்.

சந்திரபாபுவை இதுவரை கேட்டிராதவர்கள் 'பெண்' படத்துப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். அடுத்துப் 'புதையல்', பிறகு 'மரகதம்'. கடைசியாகக் 'கவலை இல்லாத மனிதன்' படத்தின் அந்த அமைதியான பாட்டைக் கேளுங்கள். அப்போது அவருக்கு வயது 33தான்.